லேப்டாப்பில் பாஸ், கண்டெய்னரில் ஃபெயில்: ஓர் இம்போர்ட் பிழையைத் துரத்திய அனுபவம்

போன மாதம் எங்கள் பைத்தான் புராஜெக்ட்டின் யூனிட் டெஸ்ட்களை (கோடின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிப்பவை) டாக்கருக்குள் ஓட்ட ஆரம்பித்தோம். புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. லேப்டாப்பில் நான் கோட் எழுதும் பைசார்மில் எல்லாமே பச்சை. கண்டெய்னரில் ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை. டெஸ்ட்களைத் திரட்டும் கட்டத்திலேயே 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' வந்து நின்றுவிட்டது. பில்லிங் என்ற மாட்யூல் (இம்போர்ட் செய்து பயன்படுத்தும் கோட் தொகுதி) இல்லையாம்.

அது நாங்களே எழுதிய ஃபோல்டர். புராஜெக்ட் ரூட்டில் 'பில்லிங்', 'டெஸ்ட்ஸ்' இரண்டும் அருகருகே இருக்கின்றன. கண்டெய்னரை உருவாக்கும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலில், கோடை உள்ளே கொண்டுபோகும் காப்பி வரியைச் சந்தேகப்பட்டேன். கேஷ் இல்லாமல் இமேஜை (கண்டெய்னருக்கான அச்சு) மறுபடி பில்ட் செய்தேன். மாட்யூல்களை எந்த ஃபோல்டரில் தேடுவது என்று பைத்தானுக்குச் சொல்லும் பைத்தான்பாத் என்று ஒரு வரி சேர்த்தேன். அதிலும் அவசரத்தில், கண்டெய்னரில் எங்கள் புராஜெக்ட் ரூட்டான '/ஆப்' என்பதற்குப் பதில் '/கோட்' என்று எழுதியிருந்தேன். அரை நாள் போய்விட்டது.

சரி, ஊகிப்பதை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்ப்போம் என்று கண்டெய்னரில் ஷெல் திறந்தேன். ஒற்றை வரி கோடை நேரடியாக ஓட்டும் 'பைத்தான் -சி' கொடுத்து பில்லிங்கை இம்போர்ட் செய்தால் பிழையே இல்லை! அதே இடத்தில் நின்று, டெஸ்ட்களை ஓட்டும் கருவியான 'பைடெஸ்ட்' அடித்தால் பழைய பிழை. உண்மையில் குழம்பியது அப்போதுதான்.

டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள கான்ஃப்டெஸ்ட் ஃபைலில் (பைடெஸ்ட் தானாகவே படிக்கும் ஃபைல்) சிஸ்.பாத்தை, அதாவது பைத்தான் மாட்யூல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலை, பிரின்ட் செய்யச் சொல்லி, அது திரையில் தெரிய '-எஸ்' சேர்த்து ஓட்டினேன். பட்டியலில் முதலில் '/ஆப்/டெஸ்ட்ஸ்', அடுத்து '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்'. '/ஆப்' எங்கேயும் இல்லை. '-சி' போட்டால் நாம் நிற்கும் ஃபோல்டரை பைத்தான் தானாகவே தேடும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். 'பைடெஸ்ட்' என்பதோ பின் ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட். அது ஓடும்போது அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான் சேரும். டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் இனிட் ஃபைல் (ஃபோல்டரை ஒரு பேக்கேஜ் என்று பைத்தானுக்குக் காட்டுவது) இல்லாததால் பைடெஸ்ட் அந்த ஃபோல்டரை மட்டும் சேர்த்தது; இருந்திருந்தால் அதற்கு மேலே உள்ள ரூட்டைச் சேர்த்திருக்கும். லேப்டாப்பில் ரூட்டைச் சேர்த்துக் காப்பாற்றி வந்தது பைசார்ம். ஆக, ஷெல்லில் நான் முதலில் செய்த '-சி' சோதனையே என்னைத் திசை திருப்பிவிட்டது.

'பைத்தான் -எம் பைடெஸ்ட்' என்று ஓட்டினாலே, நாம் நிற்கும் ஃபோல்டரும் பட்டியலில் சேர்ந்து, சரியாகிவிடும். ஆனால் டீமில் எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள் என்று நம்ப முடியாது. பைடெஸ்ட் 7.0 முதல் அதே பைத்தான்பாத் என்ற பெயரில் ஓர் அமைப்பு (செட்டிங்) அதற்குள்ளேயே இருக்கிறது. புராஜெக்ட்டின் அமைப்புகளை எழுதி வைக்கும் பைபுராஜெக்ட் ஃபைலில் பைடெஸ்ட் பகுதியில் அதற்கு ஒரு புள்ளியை மதிப்பாகக் கொடுத்தேன். அந்தப் புள்ளி ரூட்டைக் குறிக்கும். எப்படி ஓட்டினாலும் பாஸ்.

அப்புறம் சிஐ-யில் (கோடை புஷ் செய்ததும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சர்வர்; எங்களுடையது லினக்ஸ்) ஒரு டெஸ்ட் மட்டும் அடம்பிடித்தது. ஒரு ஃபைலின் பெயரில் பெரிய எழுத்தைச் சின்னதாக மேக்கில் மாற்றியிருந்தேன். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அதைக் கவனிக்கவே இல்லை, பழைய பெயரையே வைத்திருந்தது. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு ஃபைல்கள். 'கிட் எம்வி' கொடுத்துப் பெயரை மாற்றி புஷ் செய்தேன். டாக்கர்ஃபைலில் தவறாகச் சேர்த்திருந்த பைத்தான்பாத் வரியையும் அதே கமிட்டில் எடுத்துவிட்டேன்.