ஸ்டிக்கர தட்டுனா ரம்மி வருது

போன ஆடியில ஒரு சாயந்தரம் ஏழுகடல் தெருகிட்ட டீக்கடை வச்சிருக்க அண்ணன் போன் பண்ணாரு. "தம்பி, நீங்க ஒட்டிட்டு போனீங்கள்ல அந்த கட்டம் போட்ட ஸ்டிக்கரு, அத ஸ்கேன் பண்ணா ரம்மி வெளாட கூப்புடுதுப்பா, ஏங் கடையில சூதாட்ட விளம்பரம் எதுக்குனு எம்மகன் சண்டைக்கு வர்றான்". எனக்கு முதல்ல புரியவே இல்ல, வேற யாரோ மேல ஒட்டிட்டு போயிருப்பாய்ங்கன்னு நெனச்சேன், அப்புறம் என் போன்லயே அந்த ஸ்டிக்கரு கூட்டிட்டு போற நம்ம வெப்சைட் பக்கத்த தொறந்து பாத்தா அங்க சீட்டுக்கட்டு சுத்துது.

மொதல்ல இருந்து சொல்றேன். மதுரையில நாங்க பதினோரு பேரு, மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழம செல்லூர்ல ஒரு மூடிப்போன டியூஷன் சென்டர் மாடியில கூடுவோம். கல்யாண வீடியோ எடிட் பண்றவர் ஒருத்தர், காலேஜ் பசங்க மூணு நாலு பேரு, ஒரு டீச்சரக்கா, திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் போடுற அண்ணன் ஒருத்தர், பகல்ல கடைங்களுக்கு அக்கவுண்ட்ஸ் எழுதுற நான். யாராவது புதுசா எதையாவது செஞ்சு பாக்கணும்னு வந்தா, அது சினிமாவும் இல்லாம யூடியூப் சேனலும் இல்லாம ரெண்டுங்கெட்டானா இருந்தா, அதுக்கு எங்களால முடிஞ்சத கொடுப்போம், மிஞ்சிப்போனா 5,000 ரூவா, அதோட மைக்கு, ப்ரொஜெக்டர், கேக்குறதுக்கு காது. டிஜிட்டல் ஆர்ட் அது இதுன்னு பெரிய பேரெல்லாம் எங்களுக்குள்ள யாரும் சொல்றதில்ல, "அந்த பய செய்யுற வேல"ன்னு தான் சொல்லுவோம்.

அப்படி ஒரு பய செஞ்ச வேல தான் புதுமண்டபம் சத்தம். மதுரக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக: மீனாட்சி கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதுத்தாப்புல திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம், அதுக்குள்ள சிலைத் தூணுக்கு நடுவுல பல வருசமா பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல் கடை, முக்கியமா டெய்லருங்க. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேசம் போட்டு தண்ணி பீச்சுறவங்களோட உடுப்பெல்லாம் அங்க தச்சது தான். பின்னாடி கடைங்கள எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துனாங்க. மண்டபத்துக்கு அது நல்லது தான், தூணெல்லாம் மூச்சு விடும், அதுல எனக்கு சண்ட இல்ல. ஆனா கல்லு மண்டபத்துக்குள்ள வரிசையா தையல் மெஷின் ஓடுறப்ப வர்ற சத்தம் இருக்கே, அது கூரையில முட்டி மழை மாதிரி திரும்பி வரும், கடை மாறுனா மெஷின் கூட வரும், சத்தம் வராது. இத கவனிச்சது எங்க கூட்டத்துலயே சின்னவன், அப்ப இஞ்சினியரிங் ரெண்டாவது வருசம்.

கடை மாறுறதுக்கு முன்னாடியே அவனும் மைக் செட் அண்ணனும் நாலு வாரம் போய் பதிவு பண்ணாங்க. கத்தரி சத்தம், பேரம், மெஷின் மிதி, எண்ணெய் போடாத சக்கரம், ஒரு வயசான டெய்லர் அளவு எடுக்கையில தனக்குத்தானே சொல்லிக்கிட்ட கணக்கு. மைக் செட் அண்ணன் முப்பது வருசமா கூம்பு ஸ்பீக்கர் கட்டுற ஆளு, எங்க எதிரொலி வரும் எங்க வராதுன்னு கைதட்டியே சொல்லிருவாரு, சவுண்ட் டிசைன்னு காசு கட்டி படிச்சவன் யாரும் எங்களுக்கு அத சொல்லிக் குடுத்திருக்க முடியாது.

மொத ஐடியா என்னன்னா, போன வச்சுக்கிட்டு அந்த தெருவுங்கள்ல நடந்தா நீ நிக்கிற எடத்துக்கு ஏத்த சத்தம் ஹெட்போன்ல வரணும். ஆப் எல்லாம் வேண்டாம், பிரவுசர்லயே ஓடுற மாதிரி. கேக்க நல்லா இருக்குல்ல, செஞ்சு பாத்தா தான் வண்டவாளம். ஜிபிஎஸ்சுக்கு வானம் தெரியணும், நம்ம சந்துல வானமே ஒரு முழம் தான், அதனால நீ வளையல் கடைகிட்ட நின்னா போன் உன்ன அடுத்த தெருவுல நிக்கிறதா நெனச்சுக்கிட்டு பாத்திர சத்தத்த போடும். அப்புறம் பிரவுசர் காரங்க வச்ச சட்டம் வேற, இருக்குற எடத்த கேக்கணும்னா பக்கம் எச்டிடிபிஎஸ்ங்கிற பாதுகாப்பான இணைப்புல இருக்கணும், ஆளு ஒரு தடவ ஸ்கிரீன தொடாம சத்தம் தானா ஆரம்பிக்காது, போன் ஸ்கிரீன் அணைஞ்சுட்டா எடம் பாக்குறதும் நின்னுரும். பையில போன போட்டுக்கிட்டு நடக்கணும்ங்கிறது தான் ஐடியாவே, அது அங்கயே செத்துச்சு. மூணு மாசம் முட்டிட்டு கடைசியில ஜிபிஎஸ்ஸ தூக்கிப்போட்டுட்டு 24 எடத்துல க்யூஆர் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுனோம், ஸ்கேன் பண்ணா அந்த எடத்து சத்தம். மட்டமான தீர்வுன்னு சின்னவனுக்கு ரொம்ப வருத்தம், ஆனா அது தான் வேல செஞ்சுச்சு. பழைய டெய்லர் ஒருத்தர் வந்து நின்னு கேட்டுட்டு "இது என் மெஷின் இல்லப்பா, பக்கத்துக் கடைக்காரன் மெஷின்"னு சொல்லிட்டு போனாரு, எங்களுக்கு கெடச்ச ஒரே விமர்சனம் அது தான்.

பத்திரிகையில கூட ஒரு ஓரத்துல வந்துச்சு. அதோட எல்லாரும் அடுத்த வேலைய பாக்க போயிட்டோம், அது தான் தப்பு. டொமைன், அதாவது வெப்சைட்டோட முகவரி, சின்னவன் பேருல, அதுவும் அவன் காலேஜ் குடுத்த மெயில் ஐடியில. அவன் படிப்ப முடிச்சு சென்னைக்கு வேலைக்கு போயிட்டான், காலேஜ் அந்த மெயில மூடிருச்சு, புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கை எல்லாம் யாரும் தொறக்காத பெட்டியில விழுந்துச்சு. டாட்காம் காலாவதி ஆனா உடனே கைய விட்டு போயிராது, கொஞ்ச வாரம் அவகாசம் உண்டு, அதுக்கப்புறமும் கூடுதலா காசு கட்டி மீட்க இன்னொரு 30 நாள் உண்டு, அத்தனையும் தாண்டி தான் எவனோ எடுத்திருக்கான். அந்த மொத்த நாள்லயும் நாங்க ஒருத்தர் கூட நம்ம பக்கத்த தொறந்து பாக்கல. அது தான் எனக்கு இன்னும் உறுத்துது.

நான் கணக்கு எழுதுறவன். எந்தக் கடைக்கு கணக்கு எழுதுனாலும் தேய்மானம்னு ஒரு வரி போடாம முடிக்க மாட்டேன், ஃபேன் வாங்குனா அதுக்கு தேய்மானம், பில்லிங் மெஷின் வாங்குனா அதுக்கு தேய்மானம். ஆனா எங்க கூட்டத்து வரவு செலவு நோட்ட எடுத்து பாத்தா அத்தன வருசத்துல ஒரு எடத்துல கூட "செஞ்சத பாத்துக்குற செலவு"ன்னு ஒரு பைசா எழுதல. செய்யுறதுக்கு காசு இருந்துச்சு, தொறப்பு விழாவுக்கு பருத்திப்பால் வாங்குன காசு கூட எழுதி இருக்கு.

எங்க கூத்து மட்டும் இல்ல இது. லாக்டவுன் சமயத்துல நெறைய பேரு மொசில்லா ஹப்ஸ்னு பிரவுசர்லயே பொம்ம உருவத்துல நொழையுற 3டி கூடத்துல கண்காட்சி வச்சாங்க, நம்ம டீச்சரக்கா கூட அவங்க ஸ்கூல் பசங்க வரைஞ்சத எல்லாம் அங்க மாட்டி வச்சு எங்கள கூட்டிட்டு போனாங்க, நாங்க பொம்ம மாதிரி மெதந்துக்கிட்டு சுத்துனோம். 2024 மே 31ஆம் தேதி மொசில்லா அத மூடிருச்சு. எடிட்டர் அண்ணன் இன்ஸ்டாகிராம்ல மொகத்துக்கு மேல பொய்க்கால் குதிரை கிரீடம் வர்ற மாதிரி ஒரு பில்டர் செஞ்சாரு, ராத்திரி ராத்திரியா உக்காந்து, 2025 ஜனவரி 14ஆம் தேதி இன்ஸ்டாகிராம் மொதலாளி மெட்டா, பில்டர் செய்யுற அந்த ஸ்பார்க் சமாச்சாரத்தையே நிறுத்துனதுல அதுவும் போச்சு. ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒண்ணு இருக்கு, பன்னெண்டு செகண்டு. முன்னாடி பிரவுசர்ல அனிமேசன், கேம் எல்லாம் ஓட்டுன பிளாஷ்ல செஞ்சதெல்லாம் 2020 கடைசியோட முடிஞ்சது தெரிஞ்ச கத தான். நம்மாளு யாரு மேலயும் தப்பில்ல, வாடகை வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்ச கத, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா பண்ணணும்.

இதுக்கு நேர் எதிரா நம்ம மொழியிலயே உதாரணம் இருக்கு. மதுரைத் திட்டம்னு 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது, பேரு தான் மதுரை, நடத்துனவங்க உலகம் பூரா, பழைய இலக்கியத்த எல்லாம் ஆளாளுக்கு வீட்டுல உக்காந்து தட்டச்சு பண்ணி ஏத்துனாங்க. ஆரம்பத்துல அதெல்லாம் இப்ப எல்லா போன்லயும் இருக்குற யூனிகோடு எழுத்து முறையில இல்ல, பின்னாடி டிஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்து முறையில இருந்து யூனிகோடுக்கு மாத்துனாங்க, அந்த மாத்துற வேலைக்கு எந்த விழாவும் கிடையாது, ஆனா அது நடக்கலன்னா இன்னைக்கு நம்ம போன்ல அந்த கோப்ப தொறந்தா கொக்கி கொக்கியா தான் தெரியும். ஈழத்துக்காரங்க நடத்துற நூலகம்ங்கிற இணைய நூலகத் தளமும் அப்படித்தான், 2005ல ஆரம்பிச்சு இன்னைக்கும் தொறந்தா வருது. இவங்கள பாத்து தான் எனக்கு புத்தி வந்துச்சு, அதுவும் லேட்டா.

காசு கேக்கப் போன கதையும் கொஞ்சம். பெரிய கம்பெனிங்க சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு செலவு பண்ணணும்னு 2013 கம்பெனி சட்டத்துல இருக்குல்ல, அந்த பட்டியல்ல கலை பண்பாடும் வரும், அத நம்பி ஒரு எடத்துக்கு போனேன். நல்லா தான் உக்கார வச்சு பேசுனாங்க. எத்தன பேரு பயனடைஞ்சாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். பேனர்ல லோகோ எங்க வரும்னு கேட்டாங்க, சொன்னேன். ரெண்டாவது வருசத்துக்கு ஹோஸ்டிங் செலவுன்னு, அதாவது வெப்சைட்ட இணையத்துல வச்சிருக்குற வாடகைன்னு, ஒரு வரி போட்டிருந்தேன், அத பேனாவால அடிச்சுட்டு "இது திட்டத்துக்குள்ள வராதே சார்"னாங்க. தொறந்து வைக்க ரிப்பன் இருக்கணும், புதுப்பிக்கிறதுக்கு ரிப்பன் இல்லல்ல. எல்லாரும் இப்படின்னு சொல்லல, பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ்னு 1990கள்ல இருந்து கலைக்கு நிதி குடுக்குறாங்க, தமிழ்லயே எழுதி அனுப்பலாம், இங்கிலீசு வராதுன்னு ஒதுங்குற பசங்களுக்கு இத நான் பாக்குற எடத்துல எல்லாம் சொல்றேன்.

இப்ப என்ன செய்யுறோம்னா, ஆளுக்கு மாசம் 300 ரூவா தனியா ஒரு கணக்குல போடுறோம். புது வேல எதுக்கும் அதுல கை வைக்கக் கூடாது. டொமைன் எல்லாம் கூட்டத்துக்குன்னு ஒரே மெயில்ல, அந்த மெயில மூணு பேரு பாக்கணும், அதுல ஒருத்தர் நாப்பது வயசுக்கு மேல இருக்கணும், ஏன்னா சின்னப் பசங்க ஊர விட்டு போயிருவாய்ங்க, நாங்க எங்கிட்டு போகப் போறோம். பக்கங்கள எல்லாம் டேட்டாபேஸ் இல்லாம வெறும் எச்டிஎம்எல் கோப்பா மாத்தி கிட்ஹப்னு கோப்பு வைக்கிற தளத்துல வச்சாச்சு, அங்க ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரைக்கும் இலவசம், எங்க சத்தம் பூராவும் எம்பி3ல அதுக்குள்ள அடங்கிருச்சு. ஒரிஜினல் பதிவு இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இணையக் காப்பகத்துல ஒண்ணு, என் வீட்டு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, மைக் செட் அண்ணன் பீரோவுல அவங்க வீட்டம்மா நகைப் பெட்டிக்கு பக்கத்துல ஒண்ணு.

இதுக்கு நடுவுல ஒரு பொண்ணு வந்துச்சு, டவுன் பஸ் கண்டக்டர வச்சு ஒரு கேம், பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து கெளம்புது, சில்லறை இல்லாம எப்படி சமாளிக்கிறன்னு. யூனிட்டிங்கிற கேம் செய்யுற மென்பொருள்ல செஞ்சிருந்துச்சு, போர்டுல மதுரைன்னு போட்டா ஐகார கொம்பு ரவுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்குது. ஊரு பேரே தப்பா வருதுண்ணேன்னு அழாத கொற. யூனிகோடுல எழுத்த சேமிக்கிறது மெய்ய முதல்லயும் குறிய அடுத்தும் தான், அத எடம் மாத்தி காட்ட தனியா ஒரு எஞ்சின் வேணும், அந்த டெக்ஸ்ட் முறையில அது இல்ல. அந்தப் பொண்ணு ஒவ்வொரு வசனத்தையும் படமா வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இருநூறு வசனம். அதே மாதிரி கேம் செய்யுற கோடோ 4ங்கிற இன்னொரு மென்பொருள்ல தமிழ் ஒழுங்கா வரும்னு சின்னவன் சென்னையில இருந்து ஒரு போன்ல சொன்னான், அந்த ஒரு போனு எங்க 5,000 ரூவாய விட பெரிய உதவி. அது மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு, இந்த தடவ வர்றப்பவே "அண்ணே, இத அஞ்சு வருசம் கழிச்சு யாரு பாத்துக்குவா"ன்னு அதுவே கேட்டுச்சு. நான் நோட்ட தொறந்து அதுக்கு ஒரு வரி போட்டேன்.

ஸ்டிக்கர் விசயத்துக்கு வர்றேன். டீக்கடைக்காரர் போன் பண்ண மறுநாளே நானும் டீச்சரக்காவும் கத்தியும் மண்ணெண்ணெய் துணியும் எடுத்துக்கிட்டு தெருத் தெருவா போனோம். பத்துப் பன்னெண்டு ஏற்கெனவே மழையில போயிருந்துச்சு, சிலது மேல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தாங்க, அதுக்கு நன்றி. மத்தத சுரண்டி எடுத்துட்டு புது டொமைன்ல புது ஸ்டிக்கர் ஒட்டுனோம். 23 சரியாயிருச்சு. ஒண்ணு மட்டும் விளக்குத்தூண்கிட்ட ஒரு கடை ஷட்டர் ஓரத்துல உள்பக்கமா இருக்கு, கடைக்காரர் வெளியூர்ல மகன் வீட்டுல இருக்காராம், எப்ப வருவாருன்னு பக்கத்துக் கடையில கேட்டா தீபாவளிக்கு வந்தாலும் வருவாருங்கிறாங்க. ஷட்டர் இடுக்கு வழியா அந்தக் கட்டம் நல்லாவே தெரியுது, போன குனிஞ்சு காட்டுனா ஸ்கேன் ஆகுது, நேத்து கூட பாத்தேன், 'உங்களுக்கு வெல்கம் போனஸ் காத்திருக்கு'ன்னுச்சு.