இரத்மலானை ஹரிகேன்: தகடு எங்கே, துணி எங்கே

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை எட்டு மணிக்கு முன்பே ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்துவிட்டன. இரத்மலானையில் நின்ற பிரிட்டிஷ் விமானப்படையின் 30ஆவது ஸ்குவாட்ரன் ஹரிகேன் போர் விமானங்கள், தலைக்கு மேல் எதிரி நிற்கத்தான் எழும்பின. நான் சிறு மாதிரியாகச் செய்துகொண்டிருப்பது அதற்குக் கொஞ்சம் முந்தைய காட்சி. தென்னை நிழலில் ஒரு ஹரிகேன் டூ-பி (மார்க் 2இன் ஒரு வகை), பக்கத்தில் இரண்டு மெக்கானிக்குகள், எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வண்டி. புகையும் கிடையாது, ஓடும் ஆட்களும் கிடையாது. எரியும் விமானத்தைப் பஞ்சு வைத்துக் காட்டும் டயோராமாக்கள், அதாவது மாதிரிக் காட்சிகள், போதுமான அளவு வந்துவிட்டன.

எடுத்துக்கொண்ட விமானம் பிஜி827, எழுத்துகள் ஆர்எஸ்-டபிள்யூ. கனடாக்காரரான ஜேம்ஸ் வேலன் அன்று ஓட்டியது. மூன்று டைவ் பாமர்களை (பாய்ந்து இறங்கிக் குண்டு போடும் விமானங்களை) வீழ்த்தியதாக அவர் கணக்கில் இருக்கிறது. 1944இல் கொஹிமாவில் இறந்துபோனார்.

அளவு 1/48. ஹரிகேனின் இறக்கை நுனிக்கு நுனி 12.19 மீட்டர் என்பதால் மாதிரியில் 25 சென்ரிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேசையில் வைத்து வேலை செய்ய வசதியான அளவு, மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணுக்கும் நல்லது.

முதலில் காக்பிட். ஹரிகேனில் விமானியின் காலுக்குக் கீழே தரை என்று ஒன்று கிடையாது. பெடலுக்குப் போகும் இரண்டு கால்தடங்கள் மட்டும்தான், அவற்றுக்கு இடையே பார்த்தால் வயிற்றுப் பகுதிவரை தெரியும். ஆகவே பக்கச் சுவரோடு நிறுத்தாமல், குறுக்கும் மறுக்குமாக ஓடும் இரும்புக் குழாய்களையும் கொஞ்சம் கேபிளையும் சேர்த்தேன். குழாய்க்கு அலுமினிய நிறம், மற்றவற்றுக்குப் பிரிட்டிஷ் சாம்பல்பச்சை. இருக்கைப் பட்டியை ஈயத்தாளில் வெட்டினேன். கண்ணாடிக் கூரையைத் திறந்து வைக்கப் போவதால்தான் இவ்வளவு மினக்கேடு. மூடி வைப்பவர்கள் இந்தக் கட்டத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

உடல் ஒட்டும் வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மூக்குக்குக் கீழே தொங்கும் வோக்ஸ் காற்று வடிகட்டியின் நடுக்கோட்டில் மட்டும் புட்டி (இடைவெளி நிரப்பும் பசை) போட்டுத் தேய்த்தேன். தூசி நிறைந்த நாடுகளுக்கு அனுப்பிய ஹரிகேன்களுக்கு மாட்டிய வடிகட்டி அது. முகத்தின் வடிவையே கெடுத்துவிடும். ஆனால் அது இல்லாவிட்டால் இது இங்கிலாந்து விமானம் ஆகிவிடும்.

நிறம் மேலே கரும்பச்சையும் மண்நிறமும், கீழே ஸ்கை எனும் வெளிறிய பச்சை. ஹம்ப்ரோல் பெயின்ற்றில் எண்கள் 30, 29, 90. நான் டாமியா அக்ரிலிக்கில் எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-52, எக்ஸ்எஃப்-21 அடித்தேன். எக்ஸ்எஃப்-52 அப்படியே அடித்தால் கொஞ்சம் சிவப்புத் தட்டும், ஒரு துளி மஞ்சள் கலந்தால் அடங்கும்.

பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச்சின்னத்தில் ஒரு வேலை இருந்தது. தென்கிழக்காசியப் போர்முனை விமானம் என்றதும் பலர் இரண்டு நீலம் மட்டும் உள்ள சின்னத்தைத் தேடுவார்கள். அது பின்னால் வந்தது, ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்கச் சிவப்பை நீக்கிய காலத்தில். வெள்ளையும் மஞ்சளும் ஒடுங்கிய சின்னம்கூட 1942 மே மாதத்துக்குப் பிறகுதான். ஏப்ரலில் உடலின் பக்கத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் சம அகலத்தில், வெளியே மஞ்சள் வளையம். இறக்கையின் மேலே சிவப்பும் நீலமும் மட்டும். வெட்டிய மறைப்புத்தாளை ஒட்டி எல்லாவற்றையும் பெயின்ற்றிலேயே அடித்துவிட்டேன். டெகால் (ஒட்டும் சின்னத்தாள்) ஓரம் வெள்ளி போல மினுங்கும் தொல்லை இதில் கிடையாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி: விமானத்தை எவ்வளவு பழசாக்குவது?

ஹரிகேன்மீது வெள்ளிப் பொட்டுகளைத் தாறுமாறாகத் தெளிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். விமானியின் இருக்கைக்குப் பின்னால் வால்வரை உடல் தகடு அல்ல. உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சட்டங்கள், அதற்கும் மேல் டோப் என்ற மெருகு பூசி இறுக்கிய துணி. வாலில் அசையும் சுக்கானும் எலவேற்றரும் அப்படித்தான். துணியில் பெயின்ற் தேய்ந்தால் பளபளவென்று உலோகம் எப்படித் தெரியும்? அடியில் பூசிய செந்நிற டோப்தான் மங்கலாக எட்டிப்பார்க்கும். எஞ்சின் மூடிகளும் மார்க் 2இன் இறக்கையும்தான் தகடு.

அதனால் இப்படிப் பிரித்துக்கொண்டேன். எஞ்சின் மூடிகளின் திருகாணிகளைச் சுற்றியும் எரிபொருள் மூடியைச் சுற்றியும் வெள்ளிப் பென்சில். விமானி ஏறுவது இடப்பக்கமாக, இறக்கைக்குப் பின்னால் இறக்கிவிடும் மிதிபடியில் கால் வைத்து. ஆகவே இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஸ்பொஞ்சால் தொட்டுத் தேய்மானம் காட்டினேன், வலப்பக்கம் அதில் கால்வாசி. பின்னுடலில் வெள்ளியே கிடையாது. மரச் சட்டங்கள் துணியைத் தூக்கி நிற்கும் மேடுகளில் வெளிறிய மண்நிற எண்ணெய்ச்சாயத்தை மெல்லத் தடவி, பள்ளத்தில் கொஞ்சம் கறுத்த நிறம் விட்டேன். அவ்வளவில் துணி துணியாகத் தெரிந்தது.

இன்னொன்று காலம். 30ஆவது ஸ்குவாட்ரன் மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் இண்டமிற்றபிள் விமானந்தாங்கியிலிருந்து பறந்து இரத்மலானைக்கு வந்தது. இலங்கை வெயிலில் ஒரு மாதம்தான் நின்ற விமானம் இது. நிறம் வெளுத்துப்போக நேரம் இல்லை. புகைக்குழாய்க்குப் பின்னால் சாம்பல் நிறக் கறை, டயரில் புழுதி, வயிற்றில் எண்ணெய் வழிந்த கோடு, போதும்.

இறக்கை விளிம்பில் துப்பாக்கித் துளைகள் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. பிரௌனிங் .303 இயந்திரத் துப்பாக்கிகள். முதல் நாள் பின்னேரமே கனடிய விமானி பேர்ச்சல் ஓட்டிய கற்றலினா கண்காணிப்பு விமானம் கடலில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. காலையில் துப்பாக்கிகள் நிரப்பி, துளைகளைச் செந்துணியால் ஒட்டி மூடித்தான் வைத்திருப்பார்கள். ஆகவே சிகரெட்டுத் தாளைச் சிறு சதுரமாக நறுக்கிச் சிவப்புப் பூசி ஒட்டினேன். சுடாத துப்பாக்கி என்பதால் இறக்கையில் கரி பூசவில்லை.

அடித்தளத்தில் பெரிய சிக்கல் தென்னைதான். 18 மீட்டர் மரம் 1/48இல் 37 சென்ரிமீட்டர் வரும். விமானத்தின் நீளமே 20தான். முழு மரம் நட்டால் பார்ப்பவர் மரத்தைப் பார்ப்பார், ஹரிகேனை அல்ல. பலகையின் பின் ஓரத்தில் இரண்டு மரங்களை வைத்து, ஒருசாண் உயரத்தில் அறுத்துவிட்டேன். மேலே இருக்க வேண்டிய வட்டு தரையில் விழும் நிழலாக மட்டும் வரும். மரக்குச்சியில் காகிதப் பட்டியைச் சற்றே சரிவாகச் சுற்றினால் ஓலை விழுந்த தழும்பு வளையங்கள் கிடைக்கின்றன.

விழுந்து கிடக்கும் ஓலைகளுக்கு நடுநரம்பாக விளக்குமாற்று ஈர்க்கையே சீவி வைத்தேன். தென்னோலைக்குத் தென்னை ஈர்க்கு! 10 சென்ரிமீட்டர் நீளம், இருபுறமும் காகிதம், கத்தரிக்கோலால் நெருக்கமாக நறுக்கி விரலால் ஒருமுறை மடித்துவிட்டால் ஓலை தானாகத் தொங்கும். பேட்டரி வண்டிக்கு மேலே ஒரு சிறு கிடுகுக் கொட்டகையும் உண்டு. கிடுகு பின்ன ரஃபியா நார் எடுத்தேன். பின்னல் பொடியாக வரவேண்டுமென்று நாரை நகத்தால் நான்காகக் கிழிக்க வேண்டியிருந்தது.

தரைக்கு மணலும் இடித்த கபுக் கல்லும், தேநீர் வடியில் இருமுறை சலித்தது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டால் பசை மண்ணுக்குள் இறங்கும், மேலே குமிழாக நிற்காது. டயர் நிற்கும் இடத்தை மட்டும் பசை காய்வதற்கு முன்பே அழுத்திவிட்டேன். மூன்று தொன்னுக்கு மேற்பட்ட விமானம் மணலில் மிதந்துகொண்டு நிற்கக் கூடாதல்லவா?

மீதி இருப்பது இரண்டு ஆட்கள். இருவரும் அரைக்காற்சட்டை, ஒருவருக்கு மேற்சட்டை இல்லை. தலைகளை மாற்றி, ஒருவரை இறக்கைமேல் குந்த வைக்க வேண்டும். அந்த உருவத்தின் முழங்கால் இன்னும் சரியாக மடியவில்லை, இந்தக் கிழமை புட்டியோடு அதுதான் வேலை.