பன்னிரண்டு பேருக்கு யார் சமைத்தது?

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்களுக்கு ஜூலை குளிர்காலம். டர்பன் குளிர் ஒரு ஸ்வெட்டரோடு தீர்ந்துவிடும். ஆனாலும் பெரியம்மா இரண்டு சால்வை போர்த்திக்கொண்டுதான் சாட்ஸ்வர்த்தில் காரில் ஏறினார். கிளென் அனில் என்ற பகுதியிலுள்ள ராமகிருஷ்ண ஆசிரமத்தில் ஒரு நாள் தியான முகாம். ஸ்வாமி நிச்சலானந்தர் 1942-ல் தொடங்கிய அமைப்பு இது. பெரியம்மா பல வருடமாகப் போய்வருகிறார். நான் டிரைவராக உள்ளே நுழைந்தவள்.

காலைத் தியானத்தில் என் மனம் எவ்வளவு நேரம் நின்றது என்று சொன்னால் வெட்கம். பாதி நேரம் முழங்கால் வலி, மீதி நேரம் காரைப் பூட்டினேனா என்ற யோசனை. அப்புறம் பேச்சு தொடங்கியது. விவேகானந்தர் 1895-ல் அமெரிக்காவில் நடத்திய கோடை முகாமைப் பற்றி. அதற்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சென்னை அன்பர்கள் வீடு வீடாகத் திரட்டிய பணத்தையும் வைத்துக்கொண்டு 1893-ல் கப்பல் ஏறியவர், ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்து களைத்திருந்தார். கூட்டம் போதும், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நாலு பேர் இருந்தால் சரி என்ற நிலை. மிஸ் டச்சர் என்ற மாணவிக்கு செயின்ட் லாரன்ஸ் நதியில், தவுசண்ட் ஐலண்ட் பார்க்கில் ஒரு வீடு இருந்தது. அதைத் தந்ததோடு, அவருக்காகவே ஒரு பக்கம் புதிதாகக் கட்டியும் சேர்த்தார். மிஸ் டச்சர் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்த இடமே மெதடிஸ்டுகள் முகாம் போட உண்டாக்கியது. ஜூன் 18-ல் ஸ்வாமி வந்தார். மறுநாள் முதல் பாடத்தையே யோவான் நற்செய்தியிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் குடும்பத்திலேயே பாதிப் பேர் சபைக்குப் போகிறவர்கள். அதனால் இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஏழு வாரத்தில் வந்தவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பெண்கள் ஜூலை மாத மழை இரவில், டெட்ராய்ட்டிலிருந்து தேடிப்பிடித்து வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை; அவர் பேச்சை முன்பு கேட்டதோடு சரி. இயேசு இன்னும் பூமியில் இருந்தால் அவரிடம் எப்படிப் போவோமோ அப்படி வந்திருக்கிறோம் என்றார்கள். இருங்கள் என்று சேர்த்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. பெரியம்மா சால்வை முனையால் மூக்கைத் துடைத்தார்.

அங்கே அவர் சொன்னதையெல்லாம் மிஸ் வால்டோ என்பவர் குறித்து வைத்தார். அது 1908-ல் நம் சென்னையில்தான் புத்தகமாக வந்தது. அந்த வீட்டை 1947-ல் நியூயார்க்கின் ராமகிருஷ்ண-விவேகானந்த மையம் வாங்கியது.

மத்தியானம் சோறும் சுகர்பீன்ஸ் கறியும். பேசிய சுவாமி எங்கள் பக்கம் வந்தபோது பெரியம்மா கேட்டார்: "சாமி, அந்தப் பன்னெண்டு பேருக்கு யார் சமைச்சது?"

சுவாமி சிரித்துவிட்டார். வேலைக்காரர் வேண்டாம், நாமே பகிர்ந்து செய்வோம் என்றுதான் தொடங்கினார்களாம். ஆனால் பெரும்பாலானோருக்கு வீட்டு வேலையே பழக்கமில்லை. ரொட்டி வெட்டும் முறை வந்த பெண் கத்தியை எடுக்கும்போதெல்லாம் அழாத குறை. வேதாந்தம் கேட்கும்போது இருந்த நிதானம் சமையல்கட்டில் இல்லை. விவேகானந்தர் மட்டும் முகம் மாறாமல் இருப்பார். சில நாள் "இன்னைக்கு நானே சமைக்கிறேன்" என்பாராம். உடனே லேண்ட்ஸ்பெர்க் என்ற சீடர், "கடவுளே காப்பாத்து!" என்று முணுமுணுப்பார். நியூயார்க்கில் அவரோடு இருந்தவர்; ஸ்வாமி சமைத்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரமும் கழுவ வந்துவிடும் என்று தெரிந்தவர்! கடைசியில் வெளியிலிருந்து ஒரு ஆளை வைக்க வேண்டியதாயிற்று.

பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். எத்தனையோ வருடம் மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் காய்ச்சியவர். போரிஜ் பிரேயர் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அதில் அண்டா கழுவுகிறவர்களின் பாடு அவருக்குத் தெரியும்.

சாயங்காலத் தியானத்தில் லேண்ட்ஸ்பெர்க்தான் கண்முன் வந்தார். காலையைவிட அது பரவாயில்லை. கார் ஞாபகம் வரவில்லை.

திரும்பும் வழியில், தூங்குகிறார் என்று நினைத்திருந்த பெரியம்மா கேட்டார்.

"அந்த ரொட்டி வெட்டின பொண்ணு பேரு என்ன?"

"சுவாமி சொல்லலையே, பெரியம்மா."

"ம்." கொஞ்ச தூரம் பேசவில்லை. அப்புறம், "சனிக்கிழமை கூழுக்கு நீ அஞ்சு மணிக்கே வந்துடு. அண்டா கழுவ ஆள் பத்தல" என்றார்.