நிலைத்தன்மை அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறேன்

தணிக்கை வேலையில் இருப்பதால் நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கைகள், அதாவது சுற்றுச்சூழல், சமூகம் சார்ந்த தங்கள் செயல்பாடு பற்றி அவை வெளியிடும் அறிக்கைகள், நிறையவே கைக்கு வரும். காடும் காற்றாலையும் போட்ட முன்பக்கங்களைப் புரட்டிவிட்டு நேராகக் கடைசிக்குப் போய்விடுவேன். வெளித் தணிக்கையாளரின் கடிதம் அங்கேதான் இருக்கும்.

பெரும்பாலும் அது ‘லிமிடெட் அஷ்யூரன்ஸ்’ வகை. எண்கள் சரி என்று அதில் யாரும் கையெழுத்திடுவதில்லை. பெரிய பிழை இருப்பதாக நினைக்க வைக்கும் எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்வார்கள். தேடியதும் குறைவுதான்: கொஞ்சம் விசாரணை, கொஞ்சம் ஒப்பீடு. நிதிக் கணக்குத் தணிக்கையின் ஆழம் அதில் கிடையாது. அதுவும் பல சமயம் அறிக்கை முழுவதற்கும் அல்ல, குறிப்பிட்ட சில எண்களுக்கு மட்டும்.

அடுத்து நான் பார்ப்பது ஸ்கோப் 2, அதாவது நிறுவனம் வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளியான பசுங்குடில் வாயு உமிழ்வு. ஆலைக்கு வருவது நிலக்கரி மின்சாரம் நிறைந்த கிரிட்டிலிருந்துதான். ஆனால் எங்கோ உற்பத்தியான காற்றாலை மின்சாரத்துக்கான சான்றிதழை வாங்கிவிட்டால், ‘மார்க்கெட்’ முறைக் கணக்கில் உமிழ்வைப் பூஜ்யம் என்று காட்டலாம். அந்த வட்டார கிரிட்டின் சராசரியை வைத்துப் போடும் ‘லொகேஷன்’ முறை எண் பழையபடியே நிற்கும். இரண்டையும் காட்ட வேண்டும் என்று, நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் சர்வதேச வழிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகால் 2015இலேயே சொல்லிவிட்டது. காட்டுகிறார்கள், சரி. பூஜ்யம் முன்பக்கத்தில், மற்றது பின்னிணைப்பில்! இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. விதியை மீறாமலே படிப்பவரை ஏமாற்றுகிற வேலை இது.

வெளியார் கொடுக்கும் தரவரிசையும் காப்பாற்றாது. 2015 செப்டம்பரில், நிலைத்தன்மையில் சிறந்த நிறுவனங்களைப் பட்டியலிடும் பங்குச் சந்தைக் குறியீடான டோ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு வாகனத் துறையின் முன்னோடி என்று ஃபோக்ஸ்வாகனைத் தேர்ந்தெடுத்தது. அதே மாதம் 18ஆம் தேதி, டீசல் கார்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை வந்தது. அதன் பிறகுதான் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆலைகளில் மீட்டர் பார்த்து, டீசல் பில்லைக் கூட்டி, நேர்மையாக எண் தருகிறவர்கள் இருக்கிறார்கள். போன வருட எண் தப்பு என்று காரணத்தோடு திருத்திப் போடும் அறிக்கையும், இலக்கை எட்டவில்லை என்று முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்ளும் அறிக்கையும் அபூர்வமாகக் கைக்கு வரும். அவற்றை மட்டும் முன்பக்கத்திலிருந்து படிக்கிறேன்.