கோடையில் எவ்வளவு வரும்?

சுத்திகரித்த கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு விற்பதற்கான விரிவான திட்ட அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில், ஏறத்தாழ 1,20,000 பேர் வசிக்கும் நகராட்சி அது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணறுகளோ ஆண்டுக்காண்டு கீழே போய்க்கொண்டிருந்தன. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் திட்டமிட வேண்டும் என்றார்கள்.

முதல் கூட்டத்திலேயே எல்லோரும் சென்னையைச் சுட்டிக்காட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1990களின் தொடக்கத்திலேயே நகரத்தின் கழிவுநீரை வாங்கித் தானே மேலும் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய மூன்றாம் நிலை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ., அதாவது நுண்ணிய சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை) நிலையங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டு நீர் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளுக்கும் குழாயில் போகிறது. இந்த வெற்றியைப் பார்த்துத்தான் நாங்களும் சவ்வூடு பரவலை மனத்தில் வைத்துக்கொண்டே கணக்குப் போட உட்கார்ந்தோம்.

கணக்கு எளிதாகவே வந்தது. பாதாள சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர்; அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும்; ஆகவே தலைக்கு 108 லிட்டர். மக்கள்தொகையால் பெருக்கினால் சுமார் 1.3 கோடி லிட்டர். வடிவமைப்புக் கையேடு சொல்லும் முறையும் இதுதான். நான் அந்த எண்ணை அறிக்கையின் முதல் வரைவில் எழுதி, அதன்மேல் நிலையத்தின் கொள்ளளவையும் குழாயின் விட்டத்தையும் விற்பனை வருவாயையும் அடுக்கினேன். அங்கேதான் தவறினேன்.

தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளர் வரைவைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், ஏப்ரல், மே மாசத்துல எவ்வளவு தருவீங்க?" என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டதன் பொருள் எனக்கு உடனே புரிந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது குடிநீர் வழங்கல் நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடி லிட்டராகக் குறைந்தது. குழாயில் வராத தண்ணீர் சாக்கடைக்கும் வராது. வறட்சிக்கு அசையாத நீர்வளம் என்று நாம் சொல்லும் இந்த நீரிலும் வறட்சியின் நிழல் விழத்தான் செய்கிறது.

அதன்பின் ஊரின் பிரதான கழிவுநீர் உந்து நிலையத்தில் ஓர் இரவும் பகலும் தங்கி நேரில் அளந்தோம். அங்கே நம்பகமான அளவுமானி இல்லை. சேகரிப்புக் கிணற்றின் விட்டம் ஆறு மீட்டர். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் வரத்து தெரிந்துவிடும். ஆபரேட்டர் அண்ணன் ஒரு மூங்கில் கழியில் சிவப்புப் பெயின்டால் பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கோடு போட்டு வைத்திருந்தார். விடியற்காலை மூன்று மணிக்கு நீர் ஏறியது 60 சென்டிமீட்டர். காலை ஏழு மணிக்கு, ஊர் குளித்துப் பாத்திரம் கழுவும் நேரத்தில், அதே பத்து நிமிடத்தில் மூன்று மீட்டரை நெருங்கியது. "இதுக்கு மேல நிறுத்துனா மேன்ஹோல்ல பொங்கிடும் சார்" என்று அவர் அவசரமாக மோட்டாரைப் போட்டார். இருபத்து நான்கு மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் 71 லட்சம் லிட்டர். காகிதத்தில் இருந்ததில் பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். வீடுகளில் ஒரு பகுதி இன்னும் செப்டிக் டேங்கில்தான் இருந்தன. இணைப்பு வாங்கிய வீடுகளிலும் 135 லிட்டர் ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த 71 லட்சமும் முழுதாக நம்முடையது இல்லை என்பது மறுவாரம் தெரிந்தது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் ஓடை வழியாக ஒரு சிற்றேரிக்குப் போகிறது. வரைபடத்தில் நாங்கள் அதை 'வெளியேற்றம்' என்று மட்டும் குறித்திருந்தோம். நேரில் போனால் ஓடையின் இரு கரையிலும் தீவனப்புல். அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "இதைக் கம்பெனிக்குக் குடுத்துட்டா மாட்டுக்கு என்ன தம்பி போடுறது?" வீணாகப் போகிற நீர் என்று அறிக்கையில் நான் எழுதியிருந்த சொல்லை அன்று மாலையே நீக்கினேன். மறுசுழற்சி நீர் பற்றிய பெரும்பாலான அறிக்கைகளில் அந்தச் சொல் இன்றும் கேள்வியின்றி இடம்பெறுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தொழில்நுட்பத் தேர்வையும் மறுபடி யோசித்தோம். சவ்வூடு பரவலில் நூறு லிட்டரைச் செலுத்தினால் ஏறத்தாழ எழுபத்தைந்துதான் நல்ல நீராகக் கிடைக்கும். மீதி உப்பு செறிந்த கழிவாக நிற்கும். கடல் இல்லாத ஊரில் அதை ஆவியாக்கும் குளங்களுக்கே பல ஏக்கர் நிலம் வேண்டும். தொழிற்சாலைகளிடம் தனித்தனியாகக் கேட்டபோது, கொதிகலனுக்குத்தான் உப்பில்லாத நீர் தேவை, கழுவுவதற்கும் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் நன்றாக வடிகட்டிக் குளோரின் சேர்த்த நீரே போதும் என்றார்கள். கொதிகலன் தேவை சிறிது. அதை அவரவர் வளாகத்திலேயே செய்துகொள்ளலாம். ஆகவே பொது நிலையத்தில் மணல் வடிகட்டி, நுண்வடிகட்டி, குளோரின் என்று நிறுத்தினோம். சவ்வூடு பரவலுக்கு இடம் மட்டும் ஒதுக்கினோம்.

குழாயை முப்பது ஆண்டுத் தேவைக்குப் புதைக்க வேண்டும், ஏனென்றால் சாலையை மறுபடி தோண்ட யாரும் விடமாட்டார்கள். எந்திரங்களுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் போதும்; புதிய வீட்டு இணைப்புகள் கூடக்கூட அவற்றைப் பகுதி பகுதியாகச் சேர்க்கலாம். எந்த ஆண்டில் எத்தனை லட்சம் லிட்டர் என்ற பழைய அட்டவணையை எடுத்துவிட்டு, எத்தனை ஆயிரம் இணைப்பு கூடினால் அடுத்த கட்டம் என்று மாற்றி எழுதினோம்.

மே மாதத்தில் அதே மூங்கில் கழியோடு மறுபடி அளந்தோம். 58 லட்சம் லிட்டர் வந்தது. அதில் 25 லட்சத்தை ஓடைக்கென்று எழுத்தில் உறுதிசெய்து, முதல் கட்டத்தை 30 லட்சம் லிட்டருக்கு வடிவமைத்தோம். மீதி மூன்று லட்சம் வடிகட்டிகளைக் கழுவப் போய்விடும். அந்த மேலாளருக்கு அனுப்பிய கடிதத்தில் ஏப்ரல், மே மாதங்களுக்கான அளவை முதல் வரியிலேயே எழுதினேன்.