மூன்றாவது பெடல்

என் பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரே நாளில் செத்துவிடவில்லை. முதலில், இரண்டாவது கியருக்கு மாறும் நேரத்தில் எஞ்சின் மட்டும் உறுமியது. வண்டி சற்று யோசித்துவிட்டு நகர்ந்தது. பிறகு காலை வேளைகளில் ரிவர்ஸ் போட்டால் பத்து விநாடி காத்திருக்க வேண்டியதாயிற்று. அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றியபோது சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துப் போய்க் கருகிய வாடை அடித்தது. தட்டில் தேய்ந்த தகடுகளின் பொடி சேறாகப் படிந்திருந்தது. மூன்றே கியர் கொண்ட அந்தப் பெட்டியைச் செப்பனிடலாம். அல்லது அதே மாடலுக்கு வந்த ஐந்து கியர் மேனுவல் பெட்டியை மாட்டலாம். கார்புரேட்டர் காலத்து வண்டி என்பதால் கியர்பாக்ஸோடு பேசிக்கொள்ளும் கணினி எதுவும் இல்லை. எஞ்சினும் திடமாக இருந்தது. எனக்கு ஆசையும் இருந்தது.

முதல் தவறைச் செய்ய வைத்தது அந்த ஆசைதான். மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்று தனியாகக் கிடைத்ததும் வாங்கிவிட்டேன். இந்த வேலையில் கியர்பாக்ஸ் பாதிகூட இல்லை என்பது வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டபோதுதான் உறைத்தது. எஞ்சின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வேண்டும். அதற்கு நீளமான போல்ட்டுகள் வேண்டும், ஏனென்றால் ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட்டின் போல்ட்டுகள் குட்டையானவை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் கவை, பெடலின் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், அந்த அழுத்தத்தில் கவையைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், பெடல்கள், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பர், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேறு நீளத்தில். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி அலுத்த பிறகு, முன்பக்கம் நசுங்கிய அதே மாடல் மேனுவல் கார் ஒன்றை முழுதாக வாங்கினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பாகங்கள் மட்டுமல்ல, எந்த போல்ட் எந்தத் துளையில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதும் அந்த வண்டியிலேயே இருந்தது. எந்தக் கையேட்டையும்விட அந்த நசுங்கிய கார் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

பழைய பெட்டியை இறக்குவதற்கு ஒரு முழு நாள் ஆனது. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் போல்ட்டுகளை அடியிலுள்ள சிறு ஜன்னல் வழியாக, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். தட்டிலிருந்து எண்ணெயை வடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருக்கக்கூடாது. கன்வர்ட்டருக்குள் இன்னும் லிட்டர் கணக்கில் இருக்கிறது. பெட்டியை ஜாக்கில் இறக்கும்போது அது முன்பக்கம் சரிந்தது, கன்வர்ட்டர் நழுவியது, அந்த லிட்டர்கள் என் மார்பில் கொட்டின. ஒரு பட்டையை வைத்து அதை இழுத்துக் கட்டியிருக்கலாம்.

பெடல் வேலைக்குத்தான் அதிகம் பயந்தேன். தலைகீழாகப் படுத்து டாஷ்போர்டுக்குள் தலையை விட்டு, இரண்டு விரல் நுழையும் இடத்தில் ஸ்பானர் பிடிக்கும் வேலை அது. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் உட்கார வேண்டிய இடத்தில், தொழிற்சாலையிலேயே துளை போட்டு ஒரு சிறு தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். அந்தத் தகட்டைக் கழற்றிய நிமிடம் புதையல் எடுத்தது போலிருந்தது. அகலமான பழைய பிரேக் பெடலை எடுத்துவிட்டு, நசுங்கிய காரின் பெடல் கூட்டை அப்படியே மாற்றினேன்.

எல்லாவற்றையும் மாட்டி, கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் பார்க் அல்லது நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது பழைய பெட்டியோடு போய்விட்டது. அதன் இரண்டு ஒயர்களை இணைத்தால் எஞ்சின் ஓடும், கியரில் இருந்தாலும் ஓடும். அதனால் அந்த இணைப்பைக் கிளட்ச் பெடலின் மேல் ஒரு சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனேன். பெடலை மிதித்தால்தான் இப்போது ஸ்டார்ட்டர் சுற்றும். ரிவர்ஸ் விளக்கின் ஒயரும் அதே பழைய சுவிட்சில்தான் இருந்தது. அது புதிய பெட்டியின் பக்கவாட்டு சுவிட்சுக்குப் போனது.

எஞ்சின் ஓடியது. ஆனால் கிளட்சை முழுதாக மிதித்தும் முதல் கியர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழுந்தது. காற்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்து மூன்று முறை வெளியேற்றினேன். ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்தேன், சரியாக இருந்தது. இரண்டு நாள் இப்படிப் போன பிறகு, எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "தம்பி, கிராங்க் முனையில் புஷ் அடித்தாயா?"

அடிக்கவில்லை. கியர்பாக்ஸின் உள்தண்டு கிளட்ச் பிளேட்டைத் தாண்டி நீண்டு, அதன் நுனி கிராங்கின் பின்முனையில் ஒரு சிறு புஷ்ஷுக்குள், அதாவது தாங்கு வளையத்துக்குள், சுழல வேண்டும். என் கிராங்கில் அங்கே வழவழப்பான குழி ஒன்று இருந்ததால், இதுதான் இடம் போலும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அது கன்வர்ட்டரின் மூக்கு உட்காரும் அகலமான குழி. தண்டின் நுனி பிடிமானமில்லாமல் அதற்குள் ஆடியது. தண்டு ஆடியதால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை விட்டு முழுதாக விலகவில்லை. என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு வளையத்துக்காகக் கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ்மெம்பர் எல்லாம் மறுபடி தரைக்கு வந்தன. குழியின் விட்டத்தையும் புஷ்ஷின் விட்டத்தையும் அளந்து கொடுத்தேன். லேத் பட்டறையில் இரண்டுக்கும் நடுவே உட்காரும் இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து தந்தார்கள். வளையத்தை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சுருங்க விட்டேன். வெண்கலப் புஷ்ஷை எஞ்சின் எண்ணெயில் ஊறப் போட்டேன். மறுநாள் காலை இரண்டும் மெல்லத் தட்டியதிலேயே உள்ளே போயின. கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, நசுங்கிய காரின் பெட்டியிலிருந்து எடுத்த உள்தண்டையே செருகி வைத்து, பிரஷர் பிளேட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். தனியாக வாங்கிய கியர்பாக்ஸ் வண்டியில் இருக்க, இரண்டாவது பெட்டி இப்படித்தான் பயன்பட்டது.

இந்த முறை கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் வேகம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினிலிருந்து பழைய பெட்டிக்குப் போன வெற்றிடக் குழாயின் வாயை மூட மறந்திருக்கிறேன். அது வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் மூடியில் அது தீர்ந்தது. கியர் எண்ணெயில் மட்டும் யாரும் அவசரப்பட வேண்டாம். தரக்குறியாக ஜிஎல்-5 என்று போட்டிருப்பதுதான் உயர்ந்தது என்று பலர் ஊற்றிவிடுகிறார்கள். அதில் அதிகமாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பழைய பெட்டிகளில் கியர் மாறும்போது வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். என் பெட்டி கேட்டது ஜிஎல்-4.

ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. முதல் கியரில் வண்டியை நகர்த்தக் கிளட்சைக் கொஞ்சம் வழுக்க விட வேண்டியிருக்கிறது. ஐந்தாவதில் மேடு வந்தால் எஞ்சின் திணறுகிறது. டார்க் கன்வர்ட்டர் புறப்படும்போது முறுக்குவிசையைப் பெருக்கித் தரும் என்பதால், ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பின் அச்சில் வேகமான விகிதம் கொடுத்திருந்தார்கள்; அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் குறைவாகச் சுற்றினால் போதும். பற்களை எண்ணினேன்: என் அச்சில் 39-க்கு 11, அதாவது சுமார் மூன்றரைச் சுற்று; நசுங்கிய காரின் அச்சில் 41-க்கு 10, அதாவது நான்கு சுற்றுக்குச் சற்று மேல். அந்த அச்சு இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. அடுத்த மாதம் அதையும் மாற்றப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த மெக்கானிக்கிடம் எதை மறக்கப் போகிறேன் என்று கேட்டுக்கொள்வேன்.