நாகர்கோவில் என்று போட்டால் வேலை வராது

மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டதும் நவுக்ரி, இன்டீட், லிங்க்டின் என்று வேலை தேடும் தளங்கள் மூன்றிலும் பதிந்தேன். கூடவே தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளம், மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான என்சிஎஸ். இந்த இரண்டுக்கும் காசு கிடையாது.

ஊர் என்று கேட்கும் இடத்தில் நாகர்கோவில் எனப் போட்டால் எனக்கு வந்ததெல்லாம் இன்சூரன்ஸும் ஃபீல்டு சேல்ஸும்தான். நம்மூர் கடைக்காரர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பார்கள், இல்லை கடை வாசலில் அட்டை தொங்கும். திருவனந்தபுரத்தையும் சேர்த்த பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. குழித்துறையில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனால் தமிழ்நாடு என்று வடிகட்டித் தேடினால் அந்த ஊர் தலைகாட்டவே காட்டாது.

அப்புறம் ரெஸ்யூம். பிரவுசிங் சென்டரில் போட்டோ வைத்து, பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்து, கலர் கலராக அடித்துத் தந்திருந்தார்கள். பார்க்க கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜோராக இருந்தது. தளத்தில் ஏற்றினால், பழைய கம்பெனி பெயர் படிப்புக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது! பக்கத்தைப் பிரிக்காமல், கோடு கட்டம் இல்லாமல் வேர்டில் அடித்து ஏற்றியதும் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. வெறும் 'அக்கவுன்டன்ட்' என்று விடாமல் டேலி பிரைம் கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி தாக்கல்கள், டிடிஎஸ் வரிப்பிடித்தம் என்று செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதினேன். ஆள் தேடுகிறவர்கள் இந்தச் சொற்களை அடித்துத்தான் தேடுகிறார்கள். மலையாளம் பேசுவேன் என்பதையும் சேர்த்தேன். விளவங்கோடு பக்கத்தில் அதை யாரும் ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை, நேர்காணலில் முதலில் கேட்டது அதைத்தான்.

நடுவில் ஒரு போன். துபாயில் வேலை உறுதியாம், பதிவுக் கட்டணத்தை ஜிபேயில் போடச் சொன்னார்கள். சவுதியில் இருந்து வந்த மாமா பக்கத்தில் இருந்தார். "மக்களே, லைசன்ஸ் நம்பரக் கேளு" என்றார். கேட்டேன். லைன் கட். உரிமம் உள்ள ஏஜென்ட் யார் என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பணம் போட்டு ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் வேலை, ரயிலுக்கு சீசன் டிக்கெட். சேர்ந்த பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை, புரொஃபைலை மறைத்து வைத்த பிறகுதான் குறைந்தது.